மேட்டுக்கொல்லைக்கு ஓர் ஆள்

மருதங்குப்பம்,
உத்திரமேரூர் வழி.
18-10-1964

பாப்பாவின் அப்பாவுக்கு ஆதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். உங்கள் அண்ணாரும் அக்காவும் சுகம். பிலாயில் குளிர் தொடங்கிவிட்டதா, உங்கள் இருமல் விட்டதா என்று எழுதவும்.

சம்பா நடவு முடிந்தது. ஏரியில் பாதித் தண்ணீர்தான்.

போன வாரம் யூனியன் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அடுத்த வருஷம் பஞ்சாயத்துத் தேர்தலாம். இப்போது உறுப்பினர்கள் ஐந்து பேர். ஜனங்கள் பெருகிவிட்டதால் ஒன்பது பேர் வரை வைத்துக்கொள்ளலாம், ஊரின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். தலைவர் என்ற முறையில் உங்கள் அண்ணார் உடனே சொல்லிவிட்டார்: “அஞ்சே போதும் சார். அஞ்சு பேருன்னா அர அவுர்ல கூட்டம் முடியும். ஒம்போது பேரு குந்திக்கினு பேசினா பேஜாரு.” அதிகாரி எழுதிக்கொண்டார். ஆட்சேபம் உள்ளவர்கள் பொங்கலுக்குள் மனு கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாதர் சங்கத்தில் என் தையல் வகுப்புக்கு வரும் பெண்களிடம் இதைச் சொன்னேன். ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டுக்கொல்லையிலிருந்து வருகிறவர்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் நம் தெரு, ஒருவர் கிழக்குத் தெரு, ஒருவர் காலனிக்கென்று ஒதுக்கிய இடம். மேட்டுக்கொல்லையை நம் தெருவோடு சேர்த்துத்தான் ஓட்டு எண்ணுகிறார்கள். அங்கிருந்து ஒருவரும் ஜெயித்ததில்லை, ஜெயிக்கவும் முடியாது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பாப்பா உங்களைப் பற்றி விசாரிக்காத நாளில்லை.

உங்கள்,
ஆதிலட்சுமி


பிலாய்
1-11-1964

ஆதிக்கு முத்துகிருஷ்ணன் எழுதுவது. கடிதம் கண்டு சந்தோஷம். இருமல் போய்விட்டது. சாப்பாடுதான் ரொட்டியாகவே இருக்கிறது. அண்ணன், அண்ணி இருவருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்.

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவன். மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கீழே ஒரே ஆள்தான் கை காட்டவேண்டும். இரண்டு பேர் காட்டினால் பழுக்கக் காய்ந்த இரும்பு யார் தலைமீதாவது இறங்கிவிடும். ஒன்பது பேர் கை காட்டுகிற ஊரில் என்ன உருப்படியாக நடக்கும்? பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது, தெருவிளக்கு வந்தது எல்லாம் ஐந்து பேர் செய்ததுதானே.

நீ இந்த விஷயத்தில் தலையிடவேண்டாம். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அண்ணனுக்கு எதிராகப் பேசுவது நன்றாக இருக்காது. தையல் வகுப்பை நன்றாக நடத்து.

பாப்பாவுக்கு முத்தம். பதில் போடு.

அன்புடன்,
முத்துகிருஷ்ணன்


மருதங்குப்பம்
29-11-1964

பாப்பாவின் அப்பாவுக்கு ஆதிலட்சுமி எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

ஐப்பசியில் ஏமாற்றிய மழை கார்த்திகையில் சேர்த்துக் கொட்டியது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. ஓடையில் ஆள் உயரத்துக்கு வெள்ளம். மேட்டுக்கொல்லைக்குப் போக வர வழியில்லாமல் போயிற்று.

மேட்டுக்கொல்லை வரதனின் மனைவி செங்கேணியை உங்களுக்குத் தெரியும், நம் களத்தில் நெல் தூற்ற வருவாள். அவளுக்கு அந்த வெள்ளத்தில் பிரசவ வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி இருப்பது இந்தக் கரையில். விடிந்ததும் அவளைக் கட்டிலோடு தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நாலு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். பாதி ஓடையில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. கட்டில் சாய்ந்தது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியோ பிடித்துக் கரையேற்றிவிட்டார்கள். அதற்குமேல் தூக்கிப் போக நேரமில்லை. நம் மாட்டுக்கொட்டகையில்தான் பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

செங்கேணி பிழைத்துக்கொண்டாள். மூன்று நாள் நம் வீட்டில்தான் இருந்தாள். அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். உங்கள் அண்ணார் அந்தப் பக்கமே வரவில்லை.

ஓடைக்குப் பாலம் கட்ட இரண்டு வருஷத்துக்கு முன்பு அனுமதி வந்ததும், அதை எந்த இடத்தில் கட்டினார்கள் என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேட்டுக்கொல்லையிலிருந்து அந்தப் பாலத்துக்கு வெள்ளத்தில் வந்து சேர முடியாது.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. கவலைப்படவேண்டாம்.

ஆதிலட்சுமி


பிலாய்
20-12-1964

ஆதிக்கு. எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பாப்பாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

செங்கேணியின் விஷயம் படித்து மனம் சரியில்லை. அதனால்தான் உடனே எழுதவில்லை. பாலத்தை நம் கழனிக்குப் போகும் வழியில் கட்டியது அண்ணன் ஒருவர் எடுத்த முடிவல்ல. ஐந்து பேரும் சேர்ந்து எடுத்தது. நெல் வண்டி போக வழி வேண்டும் என்பதும் நியாயம்தானே. அந்தக் கூட்டத்தில் மேட்டுக்கொல்லையின் பேச்சே எழவில்லை என்று அண்ணன் அப்போதே எழுதியிருந்தார்.

அப்படியே குறை இருந்தாலும், ஐந்து வார்டுகளையும் ஒழுங்காகப் பிரித்தால் போதும். எண்ணிக்கையைக் கூட்டுவானேன்?

எனக்கு இரவு ஷிப்டு மாறியிருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது.

முத்துகிருஷ்ணன்


மருதங்குப்பம்
24-1-1965

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். பொங்கல் நல்லபடியாக நடந்தது. நீங்கள் அனுப்பிய கம்பளி பாப்பாவுக்குப் பெரிதாக இருக்கிறது, அதனால் அதைப் போர்வையாக்கிக்கொண்டாள்.

மனு விசாரணைக்கு அதிகாரி வந்திருந்தார். ஒன்பது பேர் வேண்டும் என்று கொடுத்த மனுவில் கைநாட்டும் கையெழுத்துமாக நிறையப் பேர் இருந்தார்கள். யார் எழுதியதோ, விஷயத்தைக் கோவையாக எழுதியிருக்கிறார்கள் என்று அதிகாரி சொன்னார்.

உங்கள் அண்ணார் பழையபடி ஐந்து போதும் என்றார். அப்போது வரதன் எழுந்தான். அவன் பொது இடத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. “சார், ஓட்டுக் கேக்கறப்ப எல்லாரும் ஓடையத் தாண்டி வராங்க. அப்பறம் தாண்டறது நாங்கதான். எங்காளு ஒருத்தன் அந்தக் கூட்டத்துல இருந்திருந்தா, பாலம் எங்க வோணும்னு வாயத் தொறந்து கேட்டிருப்பான்ல? அவன் கேட்டு நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா அது வேற. கேக்கவே ஆள் இல்லியே சார்.”

பிறகு உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்து சடகோபன் வாத்தியார், அதிகாரியோடு வந்தவர், உத்திரமேரூர் கோயில் சுவரில் வெட்டியிருப்பதைச் சொன்னார். சோழர் காலத்தில் அந்த ஓர் ஊருக்கே முப்பது வார்டு இருந்ததாம், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு வார்டுக்கு ஓர் ஆளை எடுப்பார்களாம். கூட்டத்தில் கை தட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. சொந்த நிலமும் சொந்த மனையும் உள்ள ஆண்கள் பெயரைத்தான் அந்தக் குடத்தில் போட்டார்கள் என்று அவரே அடுத்த வாக்கியத்தில் சொன்னார். முப்பது பேர் இருந்தும் வரதன் பெயருக்கு அதில் இடமில்லை. என் பெயருக்கும் இல்லை. ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வார்டு என்றால் ஒவ்வொன்றும் பெரிதாகத்தான் இருக்கும், எப்படிப் பிரித்தாலும் மேட்டுக்கொல்லை பெரிய தெருவுக்குள் கரைந்துபோகும். ஒன்பதாகப் பிரித்தால்தான் அது தனியாக நிற்கும்.

உங்கள் கிரேனுக்கும் வருகிறேன். ஒரே ஆள் கை காட்டட்டும். ஆனால் அந்த ஆள் இரும்பு இறங்கும் இடத்தைப் பார்க்கிற மாதிரி நிற்கவேண்டாமா?

ஆதிலட்சுமி


பிலாய்
21-2-1965

ஆதிக்கு. சுகம், சுகத்துக்கு எழுது.

ஒன்பது என்று உத்தரவு ஆகிவிட்டதாக அண்ணன் எழுதியிருக்கிறார். மனு எழுதியது யார் என்று நான் கேட்கமாட்டேன். அண்ணனும் உன்னைக் கேட்கவில்லை என்றால் அவர் பெருந்தன்மை.

அவர் நல்ல யோசனை ஒன்று சொல்லியிருக்கிறார். தேர்தலில் பெண் யாரும் ஜெயிக்காவிட்டால், ஜெயித்தவர்களே கூடி ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாமாம். உன்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கவேண்டாம், யாரிடமும் பேச்சு வாங்கவேண்டாம். கௌரவமான பதவி. ஒப்புக்கொள்.

கிரேனைப் பற்றி நீ எழுதியதை என்னோடு வேலை செய்கிற தானியேலிடம் படித்துக் காட்டினேன். அவன் சிரித்தான். நீ சொல்வதுதான் சரி என்றான்.

முத்துகிருஷ்ணன்


மருதங்குப்பம்
28-3-1965

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். வெயில் இப்போதே கடுமை. அறுவடை முடிந்து நெல் உத்திரமேரூர் போய்விட்டது.

உங்கள் அண்ணார் என்மேல் வைத்திருக்கும் மரியாதைக்கு நன்றி சொல்லிவிட்டேன். அவர் சேர்த்துக்கொண்டால் அவர் சொல்லும்போது கை தூக்கவேண்டியிருக்கும், அது எனக்குச் சரிப்படாது என்பதையும் சொல்லிவிட்டேன்.

வெளிவேலை அதிகமாக இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பின்கட்டில் தனியாக அடுப்பு வைத்திருக்கிறேன். எனக்கும் பாப்பாவுக்கும் அது போதுமானதாக இருக்கிறது. பாப்பா குயவர் தெரு முழுவதையும் இப்போது அறிவாள். எல்லா வீட்டிலும் ஏதாவது தின்னக் கொடுக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆதிலட்சுமி


பிலாய்
18-4-1965

ஆதிலட்சுமிக்கு.

நான்காவது வார்டில் நீ வேட்புமனு கொடுத்திருப்பதை அண்ணன் எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் நிறுத்திய ஆளுக்கு எதிராக அண்ணன் வீட்டுப் பெண்ணே நிற்பது என்றால் ஊர் என்ன பேசும்? அடுப்பு ஏன் பிரிந்தது என்றும் இப்போது புரிகிறது.

அண்ணன்தான் என்னைப் படிக்கவைத்தார். பிலாய்க்கு அனுப்பியதும் அவர்தான். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

கடிதம் கண்டதும் மனுவை வாபஸ் வாங்கு. வாபஸ் வாங்கக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது என்று அண்ணன் எழுதியிருக்கிறார். வாங்கிவிட்டேன் என்று பதில் போடு.

முத்துகிருஷ்ணன்


மருதங்குப்பம்
16-5-1965

பாப்பாவின் அப்பாவுக்கு ஆதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைத் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் மே மாதம் இரண்டாம் தேதி என் கைக்கு வந்தது. அதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது.

தேர்தல் முடிந்தது. நான் ஜெயித்துவிட்டேன். வித்தியாசம் அதிகமில்லை. என் வார்டில் சேர்ந்த குயவர் தெரு அப்படியே எனக்கு விழுந்தது. நம் தெருவில் அக்காவின் ஓட்டு யாருக்கு என்று தெரியாது. சாவடிக்குள் போகும்போது என் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

மேட்டுக்கொல்லையில் வரதன் ஜெயித்தான். செங்கேணி என்னைப் பார்க்க வந்தாள். “அக்கா, எம் புருசன் ராத்திரியெல்லாம் தனியா பேசிக்கினு கீறாரு. கூட்டத்துல இன்னா பேசறதுன்னு இப்பவே ஒத்திக பாக்கறாரு” என்றாள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்தது தலைவர் தேர்தல். ஒன்பது பேரும் கூடிச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவேண்டும். உங்கள் அண்ணாருக்கு நாலு பேர். அரிசி மில் கிருஷ்ணசாமிக்கு நாலு பேர். மீதி நான்.

கிருஷ்ணசாமி இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். “நீ இன்னா கேக்கறியோ அத்தச் செய்யறேம்மா. பாலமா, பாலம். கெணறா, கெணறு” என்கிறார். நான் கேட்காததையும் தருவதாகச் சொல்கிறார். உங்கள் அண்ணார் ஒன்றும் கேட்கவில்லை. நானே போய், மேட்டுக்கொல்லைக்குப் பாலம் கட்டுவீர்களா என்றேன். “கட்டறேன்னு இப்ப சொல்லமாட்டேன். ஒம்போது பேரு கூடி எத்தச் சொல்றாங்களோ அத்தத்தான் செய்வேன். எனக்குப் புடிக்கலன்னாலும் செய்வேன்” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நீங்கள் கோபமாக இருப்பது தெரியும். இருந்தாலும் பதில் எழுதுங்கள்.

ஆதிலட்சுமி


பிலாய்
13-6-1965

அன்புள்ள ஆதிக்கு.

இங்கே சுகம். வெயிலில் கூண்டுக்குள் இருக்கமுடியவில்லை, அவ்வளவுதான்.

இங்கிருந்து போடும் கடிதம் எப்போதும் ஒரு வாரத்தில் உனக்குக் கிடைத்துவிடும். அந்த ஒன்று மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தபால்காரர்மேல் புகார் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால், சீக்கிரம் போயிருந்தால் எனக்குத்தான் பின்னால் வருத்தமாக இருந்திருக்கும்.

நீ ஜெயித்த செய்தியை இங்கே நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் சொன்னேன். என் மனைவி மெம்பர் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. தானியேல் இனிப்புக் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். அவர் என்னைப் படிக்கவைத்ததை மறக்கவில்லை, ஆனால் உன் ஓட்டு என்னுடையதல்ல, அதை நான் அவருக்குத் தரமுடியாது என்று எழுதினேன்.

தலைவர் ஓட்டை யாருக்குப் போடு என்று நான் சொல்லப்போவதில்லை. போட்டபிறகு சொன்னால் போதும்.

உன்,
முத்துகிருஷ்ணன்


மருதங்குப்பம்
25-7-1965

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு ஆதிலட்சுமி எழுதுவது. எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் இப்போது உண்மையிலேயே எல்லோரும். பின்கட்டு அடுப்பை அக்கா ஒருநாள் தானாகவே வந்து அணைத்துவிட்டார்கள்.

ஐந்துக்கு நாலு என்று உங்கள் அண்ணார் மறுபடி தலைவராகிவிட்டார். யாருக்குப் போட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். அது பெட்டிக்குள் போன சீட்டு. அவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவேண்டாம்.

முதல் கூட்டம் போன வெள்ளிக்கிழமை. பஞ்சாயத்து ஆபீசில் ஐந்து நாற்காலிதான் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வரதன் வந்தான், பார்த்தான், பழக்கப்படி சுவரோரம் தரையில் உட்காரப் போனான். நான் உட்காரவில்லை. “எல்லாருக்கும் நாற்காலி வரட்டும், அப்புறம் உட்காரலாம்” என்றேன். கிருஷ்ணசாமிக்குக் கோபம். “இன்னாம்மா, மொத நாளே ஆரம்பிச்சிட்டியா?” என்றார். உங்கள் அண்ணார் என்னைப் பார்த்தார், வரதனைப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்து நின்றுகொண்டார். தலைவர் நிற்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? முதல் கூட்டம் முழுக்க ஒன்பது பேரும் நின்றுகொண்டே நடத்தினோம். அரை மணியில் முடியவில்லை. எல்லோருக்கும் கால் கடுத்துவிட்டது.

இந்த வருஷத்துக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் அனுமதி இருக்கிறது. ஏரிக்கோடித் தெருவுக்கு ரோடு போடலாம் என்றார் உங்கள் அண்ணார். அந்தத் தெரு மழைக்காலத்தில் சேறாகிவிடுகிறது, அதுவும் நியாயம்தான். மேட்டுக்கொல்லைக்கு நடைபாலம் என்றான் வரதன். ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோய், “வெள்ளத்துல தூக்கிக்கினு வந்தோம்” என்று ஆரம்பித்தான். நிறுத்திக்கொண்டான். நான் வழிமொழிந்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். பாலத்துக்கு ஐந்து கை. ரோட்டுக்கு நாலு கை. அந்த நாலில் ஒன்று உங்கள் அண்ணாருடையது, ஒன்று கிருஷ்ணசாமியுடையது. இவ்வளவு காலத்தில் அவர்கள் இருவரும் ஒரு பக்கம் கை தூக்கியது அன்றுதான். உங்கள் அண்ணார் எண்ணிப் பார்த்தார். இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் நான் ஓடைப் பக்கம் போனபோது அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேஸ்திரியை வைத்துப் பாலத்துக்குக் கயிறு பிடித்து முளை அடித்துக்கொண்டிருந்தார். மேட்டுக்கொல்லைப் பெண்கள் அந்தக் கரையில் கூடி நின்று பார்த்தார்கள். செங்கேணி தண்ணீரில் இறங்கி நடந்து வந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாலம் உங்களுக்குப் பிடிக்கவில்லையே?” என்று கேட்டேன்.

“புடிக்கலதான். இப்பவும் ரோடுதான் மொதல்ல வந்திருக்கணும்னு சொல்றேன். அதுக்காவ? தீர்மானம் ஆயிட்சி, செய்யவோண்டியதுதான்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏம்மா, அந்த மனுவ எழுதினது நீதான, எனக்குத் தெரியாதா? அடுத்த தபா பதினொண்ணு கேட்டு எழுதிக் குடு” என்றார்.

“பதினொன்றா? ஐந்தே போதும் என்றவர் நீங்கள்.”

“ஏரிக்கோடித் தெருவுக்குத் தனியா ஆள் இல்ல பாரு. அவங்களுக்கு ரெண்டு பேரு இருந்திருந்தா நேத்து ரோடு கெலிச்சிருக்கும்.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டு, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

தை மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். பாலத்தில் நடந்து போகலாம்.

உங்கள்,
ஆதிலட்சுமி